கார்ன்ஸ், டிவிட், கொன்சாலஸ்: ஷேல் கிணறுகளை ஒப்பிடும் முறை

தெற்கு டெக்சாஸில் எண்ணெயும் வாயுவும் தரும் ஈகிள் ஃபோர்ட் ஷேல் பாறையில் மினரல் உரிமை (நிலத்தடி எண்ணெய், வாயுவுக்கான உரிமை) வாங்குகிறவர்களிடம் கார்ன்ஸ் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தனி மவுசு உண்டு. அந்த மவுசு நியாயமானதுதான். ஆனால் கார்ன்ஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து விலை பேசுவது தவறு. கவுண்டி எல்லை நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு. பாறையின் எல்லைகள் வேறு திசையில் ஓடுகின்றன.

ஈகிள் ஃபோர்ட், ஆஸ்டின் சாக் பாறைக்குக் கீழே, பூடா சுண்ணாம்புக்கு மேலே கிடக்கிறது. வடமேற்கில் சுமார் 4,000 அடி ஆழத்தில் இருப்பது, கடற்கரையை நோக்கிப் போகப்போக 12,000 அடி வரை இறங்குகிறது. ஆழம் கூடினால் வெப்பம் கூடும். அதனால் மேட்டுப் பக்கம் எண்ணெய், நடுவில் கண்டன்சேட்டும் (வாயுவோடு வந்து மேலே திரவமாகும் லேசான எண்ணெய்) ஈர வாயுவும், பள்ளத்தில் திரவம் கலக்காத உலர் வாயு. இந்த மூன்று பட்டைகளும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, கடற்கரைக்கு ஏறக்குறைய இணையாகப் போகின்றன. ஆகவே ஒரே கவுண்டிக்குள் இரண்டு மூன்று பட்டைகள் வரும். கார்ன்ஸின் வடமேற்கில் எண்ணெய், தென்கிழக்கில் கண்டன்சேட். பக்கத்துக் கவுண்டிகளில் கொன்சாலஸ் பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம், டிவிட் பெரும்பாலும் கண்டன்சேட், வாயுப் பக்கம். கார்ன்ஸின் தென்கிழக்கு மூலையில் உள்ள கிணற்றுக்கு உண்மையான அக்கம்பக்கம் டிவிட்தான், கார்ன்ஸின் வடக்குப் பகுதி அல்ல. முதலில் கிணறுகளை ஆழத்தை வைத்துப் பிரியுங்கள், பிறகுதான் கவுண்டி.

ஆழத்தோடு அழுத்தமும் சேர்ந்து வருகிறது. சாதாரண நீர் அழுத்தம் ஆழத்தில் அடிக்கு 0.433 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கார்ன்ஸ், டிவிட் பக்கத்தில் ஷேலின் அழுத்தம் இதைவிட நன்றாக அதிகம். எண்ணெயைக் கிணற்றுக்குத் தள்ளுவது இந்த அழுத்தம்தான். கார்ன்ஸின் நல்ல பகுதி இன்னும் எண்ணெயாக இருக்கிற ஆழத்திலேயே போதிய அழுத்தமும் பெற்றிருக்கிறது. அதன் பேருக்கு முக்கியக் காரணம் இதுதான்.

அடுத்தது தரவு. பலர் சறுக்குவது இங்கேதான். பெயரில் ரெயில் இருந்தாலும் மாநிலத்தின் எண்ணெய், வாயுவைக் கண்காணிக்கும் டெக்சாஸ் ரெயில்ரோடு கமிஷனின் இணையதளத்தில் உற்பத்திக் கணக்கு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எண்ணெய் கிணறு வாரியாகப் பதிவாவதில்லை, லீஸ் (ஒரே குத்தகையில் அடங்கிய நிலம்) வாரியாகப் பதிவாகிறது. வாயுக் கிணறுகளுக்கு மட்டும்தான் கிணறு வாரிக் கணக்கு. ஒரு லீஸில் ஆறு கிணறு இருந்தால், தனியார் தரவு நிறுவனங்கள் காட்டும் கிணற்று எண்கள் பங்கிட்டுப் போட்ட மதிப்பீடுகள். முடிந்தவரை ஒற்றைக் கிணறு உள்ள லீஸ்களை எடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது கிணறு சேர்ந்த மாதத்துக்கு முந்தைய மாதங்களை மட்டும் எடுங்கள்.

இன்னொரு பொறி: அந்தக் கணக்கு அட்டவணையில் எண்ணெய்க்கு ஒரு பத்தி, வாயுக் கிணற்றில் வரும் கண்டன்சேட்டுக்கு வேறு பத்தி. எண்ணெய்ப் பத்தியை மட்டும் கூட்டினால் டிவிட் கவுண்டி பரிதாபமாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், படம் மாறிவிடும்.

முதல் 24 மணி நேரச் சோதனை எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். சோக் (கிணற்றுத் தலையில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துவாரம்) எவ்வளவு திறந்திருந்தது என்று பார்க்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சோக்கின் விட்டத்தை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு என்ற அலகில் சொல்வார்கள். 12-லிருந்து 24-க்குத் திறந்தால் விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அதே கிணறு திடீரென்று பெரிய கிணறாகத் தோன்றும். அழுத்தத்தைக் காப்பாற்றச் சோக்கைக் குறுக்கி வைக்கும் நிறுவனத்தின் கிணறு முதல் நாளில் சுமாராகத் தெரிந்து, ஓராண்டில் முந்திவிடலாம். முதல் 6 மாதம், 12 மாதம், இந்த இரண்டு கூட்டுத்தொகைகள் போதும்.

பிறகு நீளத்துக்குச் சரிசெய்ய வேண்டும். கிணறு முடிப்பு அறிக்கையில், எண்ணெய்க் கிணற்றுக்கு டபிள்யூ-2, வாயுவுக்கு ஜி-1, துளையிட்ட பகுதியின் தொடக்கமும் முடிவும் இருக்கும். 11,450 அடியில் தொடங்கி 16,950 அடியில் முடிந்தால் பயன்படும் லேட்டரல் (கிணற்றின் கிடைமட்டப் பகுதி) 5,500 அடி. உதாரணத்துக்கு, அந்தக் கிணறு ஆறு மாதத்தில் 99,000 பேரல் தந்தால் ஆயிரம் அடிக்கு 18,000. பக்கத்துக் கவுண்டியில் 10,000 அடிக் கிணறு 1,40,000 பேரல் தந்தால் ஆயிரம் அடிக்கு 14,000. மொத்தத்தில் பெரியது இரண்டாவது, பாறை நல்லது முதலாவதில். ஆனால் நீள லேட்டரலில் நுனிப் பகுதியின் பங்களிப்பு பெரும்பாலும் குறைவு. அதனால் நீளங்கள் இவ்வளவு விலகியிருந்தால் இந்த வித்தியாசம் முழுவதையும் பாறையின் கணக்கில் எழுதக்கூடாது.

ஒரே காலத்துக் கிணறுகளை ஒப்பிடுவதும் முக்கியம். 2011-இல் ஃப்ராக் செய்த (தண்ணீரும் மணலும் அழுத்தி இறக்கிப் பாறையில் விரிசல் போட்ட) கிணற்றுக்கும் 2018-இல் செய்ததற்கும் அடிக்கு இறக்கிய மணலின் அளவே வேறு. 2012 பிப்ரவரியிலிருந்து டெக்சாஸ் கிணறுகளின் தண்ணீர், மணல் விவரம் ஃப்ராக்ஃபோகஸ் தளத்தில் இருக்கிறது. மணல் எடை விழுக்காடாகத்தான் இருக்கும், பவுண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கிணற்றின் பக்கத்தில் பிறகு தோண்டியதைத் தனியே வையுங்கள். பழையது ஏற்கெனவே அழுத்தத்தைக் குறைத்திருக்கும், புதிய ஃப்ராக் விரிசல்கள் அந்தப் பக்கமே ஓடும்.

கிணறு எந்தப் பாறையில் எடுக்கிறது என்று காட்டும் ஃபீல்டு பெயரையும் பாருங்கள். கார்ன்ஸில் ஆஸ்டின் சாக் பாறையிலும் நல்ல கிணறுகள் உண்டு. கவுண்டி மொத்தத்தை அப்படியே எடுத்தால் வேறொரு பாறையின் எண்ணெய் ஈகிள் ஃபோர்ட் கணக்கில் ஏறிவிடும்.

கடைசியாகப் பணம். 6,000 கன அடி வாயு ஒரு பேரலுக்குச் சமம் என்பது வெப்ப ஆற்றலின் கணக்கு, விலையின் கணக்கு அல்ல. எண்ணெய் பேரலுக்கு 70 டாலர், வாயு ஆயிரம் கன அடிக்கு 3 டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்த ‘ஒரு பேரல்’ வாயுவுக்குக் கிடைப்பது 18 டாலர். போதாததற்கு டெக்சாஸ் உற்பத்தி வரி எண்ணெய்க்கும் கண்டன்சேட்டுக்கும் 4.6 விழுக்காடு, வாயுவுக்கு 7.5. எண்ணெய், கண்டன்சேட், வாயு என்று மூன்று பத்திகளையும் கடைசி வரை தனித்தனியாகவே வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் விலையால் பெருக்குங்கள். விற்பவர் காகிதத்தில் ‘சமான பேரல்’ என்ற ஒரே எண் மட்டும் இருந்தால், அதைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.