பெரியப்பா உடைத்த கல்லும் கான்ஹேரி மலையும்

"எரிமலை பாக்கப் போறோம் பெரியப்பா" என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணி ரயிலு?"

அவருக்கு 71 வயது. 17 வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் தானே நகரத்தை அடுத்த கல்குவாரிகளில் சம்மட்டி பிடித்து ஜல்லி உடைத்தார். அவர் உடைத்த அந்தக் கருங்கல் ஒரு காலத்தில் உருகி ஓடிய எரிமலைக் குழம்பு என்று கல்லூரியில் படித்த நாளிலிருந்தே இதை அவரிடம் நேரில் காட்டிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. பல வருடம் தள்ளிப்போய், இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது கைகூடியது.

மாகிமில் ஸ்லோ ரயில் ஏறினால் போரிவலிக்கு முக்கால் மணி நேரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே நடக்கிற தூரத்தில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாசல். 100 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமான காடு, சுற்றிலும் மும்பையும் தானேயும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சிறுத்தைகள் வாழும் காடு இது. மும்பைக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகளும் இதற்குள்தான் இருக்கின்றன. (திங்கட்கிழமை மூடியிருக்கும். போகிறவர்கள் நாள் பார்த்துப் போங்கள்.) வாசலிலிருந்து கான்ஹேரி குகைகள் வரை ஆறேழு கிலோமீட்டர், அதற்குப் பூங்கா பஸ் உண்டு.

பஸ்ஸில் பெரியப்பா ஜன்னல் வழியே மலை உச்சியையே தேடிக்கொண்டிருந்தார். "வாய் எங்கட்டி இருக்கு?" என்றார். கூம்பு மாதிரி ஒரு மலை, உச்சியில் பள்ளம், அதிலிருந்து புகை என்ற படம்தான் அவர் மனதில் இருந்தது. இங்கே அப்படி எதுவும் கிடையாது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் தரையே நீள நீளமாக விரிசல் விட்டது. அந்த விரிசல்கள் வழியே குழம்பு பொங்கி வழிந்தது, ஆறியது, அதன் மேல் மறுபடி வழிந்தது. இப்படி அடுக்கடுக்காகப் படிந்த பாறை இன்றைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் அதன் கனம் 2 கிலோமீட்டர் வரை வரும். மும்பை நிற்பது இந்தப் பாறைகளின் மேற்கு விளிம்பில். இதைச் சொன்னதும், "அப்போ தாராவிக்குக் கீழயும் இதான்னு சொல்லு" என்றார். மேலே சேறும் மண்ணும் எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும், அடியில் எரிமலைப் பாறைதான்.

மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. இலவம், கடம்பு, புரசு, தேக்கு என்று எல்லா மரமும் சொட்டிக்கொண்டிருந்தன. தக்காணத்தின் உள்நாட்டில் இதே பாறை நைந்து கரிசல் மண் ஆகிறது. கொங்கணத்து மழை அதைச் செம்மண்ணாக்கிவிடுகிறது. கோவில்பட்டிக் கரிசலும் இப்படி வந்ததுதானா என்று பெரியப்பா கேட்டார். இல்லை, அதற்கு மூலம் வேறு பாறை, அங்கே இந்தக் குழம்பு எட்டவில்லை. பாதையோரம் கார்வி புதர்கள் மண்டிக் கிடந்தன. நம் நீலக்குறிஞ்சியின் உறவு அது. குறிஞ்சிக்கு 12 ஆண்டு என்றால் கார்விக்கு 8. இந்தக் காட்டில் 2016-இலும் 2024-இலும் பூத்தது.

ஒரு தேக்கத்தில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. அதைக் கேட்டதும் எனக்கு மும்பையின் வொர்லிப் பகுதி ஞாபகம் வந்தது. ஒரு குழம்பு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இங்கே நீர்நிலைகள் இருந்திருக்கின்றன. அவற்றின் சேற்றில் புதைந்த சின்னத் தவளைகளின் எலும்புகளை வொர்லிப் பாறையில் கண்டெடுத்திருக்கிறார்கள். நெருப்பு அடங்கிய இடைவெளியில் தவளை குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்தியிருக்கிறது! இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். நின்று கொஞ்ச நேரம் தவளைச் சத்தத்தைக் கேட்டார்.

கான்ஹேரிக்குப் பழைய பெயர் கிருஷ்ணகிரி, அதாவது கருமலை. பெயர் கேட்டதும் நம் ஊர் கிருஷ்ணகிரி நினைவுக்கு வருகிறது இல்லையா? பௌத்தத் துறவிகள் கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் துறைமுகங்களான சோபாரா, கல்யாண் வணிகர்கள் கொடுத்த கொடைகள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. மூன்றாம் குகையின் முகப்பு மண்டபத்தில் இரண்டு பக்கமும் நிற்கும் புத்தர்கள் இருபது அடிக்கு மேல் உயரம். அவர்கள் முன்னால் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் கண்ணெல்லாம் சுவரில் இருந்தது.

வெளியே வந்து பாதையில் கிடந்த ஒரு துண்டுக் கல்லை எடுத்து, இன்னொரு கல்லால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார்.

"இது நான் உடச்ச கல்லு இல்லட்டி. என் கல்லு மணி மாதிரி பேசும். இது மூச்சே விட மாட்டேங்குது."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் சொன்னது முழுக்கச் சரி. குவாரியில் அவர் உடைத்தது பசால்ட். குழம்பு ஆறி இறுகிய, நெருக்கமான கல் அது. கான்ஹேரி மலையோ எரிமலைப் பிரெக்சியா. வெடித்துச் சிதறிய பாறைத் துண்டுகள் சாம்பலோடு கலந்து இறுகியது. சுவரை உற்றுப் பார்த்தால் பெரிதும் சிறிதுமாகத் துண்டுகள் பதிந்திருப்பது தெரியும். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே தட்டில் கேட்டுவிட்டார்.

"இதுல உளி இறங்கும். அதான் இந்த மலையப் புடிச்சிருக்காங்க."

அப்புறம் மலையில் செய்திருக்கும் தண்ணீர் வேலைப்பாட்டைப் பார்க்கப் போனோம். அவர் வார்த்தையில் சொன்னால், "கொத்தனுக்கு மூளை இருந்திருக்கு." பாறையின் சரிவெங்கும் விரல் அகலத்தில், கை அகலத்தில் வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் அவற்றில் ஓடி, குகை வாசலருகே குடைந்த தொட்டிகளில் விழுகிறது. அன்றைக்கும் விழுந்துகொண்டிருந்தது. அனேகமாக ஒவ்வொரு குகைக்கும் ஒரு தொட்டி. மலைமேல் ஆற்றுநீர் இல்லாமல் ஒரு பெரிய கூட்டம் வருடம் முழுக்க வாழ்ந்ததற்கு இந்த வாய்க்கால்கள்தான் காரணம். ஈரப்பாறை வழுக்கும், வயதானவர்களோடு போனால் கையை விடாதீர்கள். நான் விடவில்லை.

இந்தப் பயணத்துக்கு முந்தின மாதம் அந்தேரியில் இருக்கும் கில்பர்ட் குன்றுக்கும் அவரை அழைத்துப் போயிருந்தேன். சுமார் 200 அடி உயரத்துக்குக் கல்தூண்களை அடுக்கி நிறுத்தியது போன்ற பாறை. குழம்பு ஆறும்போது சுருங்கி, பிளந்து, அப்படித் தூண் தூணாகிறது. உச்சியில் காவ்தேவி கோயில். சுற்றியிருந்த பாறையையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு இதை மட்டும் விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வீடு வரும்வரை பெரியப்பா பேசவே இல்லை. ஜல்லியாகப் போனது எப்படிப்பட்டது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஜல்லியில்தான் இந்த நகரத்தின் கட்டடங்கள் எழுந்தன, என் படிப்பும் நடந்தது. அதைத்தான் கான்ஹேரியில் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவரிடம் சொன்னேன்.

திரும்பும் வழியில் முதல் குகையில் மறுபடி நின்றார். அது முடிக்காமல் விட்ட குகை. முகப்பில் இரண்டு பெரிய தூண்கள் நிற்கின்றன, உள்ளே வேலை பாதியில் நிற்கிறது. சுவரில் உளித்தடங்களைப் பார்த்தார். தொடவில்லை. ஒரு தடத்துக்கு நேரே, ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த உளி எந்தச் சாய்வில் இறங்கியது என்று எனக்குக் காட்டினார். பிறகு இடது கையால் உளியைப் பிடிப்பது போலவும் வலது கையால் சம்மட்டி ஓங்குவது போலவும் இரண்டு முறை செய்துகாட்டினார்.

"அடுத்த அடி இங்க விழுந்திருக்கணும்" என்று சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். கடைசி பஸ்ஸுக்குக் கூப்பிடும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.