தாய் வீட்டுக்குக் கூடவே வர வேண்டிய பதிவேடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் தாய் வீட்டில்தான். சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஏழெட்டு மாதம் வரை காட்டிய பெண், வளைகாப்பு முடிந்ததும் இங்கே வந்துவிடுகிறாள். பார்த்த மருத்துவர் ஒருவர், பிரசவம் பார்க்கப்போகிறவர் வேறொருவர். மகப்பேறு மின்னணுப் பதிவேட்டை வடிவமைப்பவர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான். எழுதியவரைக் கேட்க வழியில்லாத ஒரு செவிலியர், நடுராத்திரியில் பிரசவ அறையில் நின்றபடி இதைப் படிப்பார்.

ஆள் அடையாளத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் ஊர் இது. மீனாட்சியும் வள்ளியம்மையும் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கைபேசி எண் பல வீடுகளில் கணவருடையது. ஆகவே கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் 12 இலக்க ஆர்சிஹெச் எண்தான் (இன்னும் எல்லோரும் ‘பிக்மி நம்பர்’ என்றே சொல்கிறார்கள்) அடிப்படை அடையாளமாக இருக்க வேண்டும். பிறந்த தேதியையும் கணவர் பெயரையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆனால் அந்த எண் இல்லாமல் பதிவே திறக்காது என்று கட்டாயமாக்கிவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வலியோடு வந்தவளுக்கு எண் இருக்காது. அவசரத்தில் ஏதோ ஓர் எண்ணைத் தட்டுவார்கள், இன்னொருத்தியின் பதிவு கெடும். தற்காலிக எண் கொடுத்துப் பிறகு இணைக்கலாம். தவறாக இணைத்திருந்தால் பிரிக்கவும் முடிய வேண்டும்.

அடுத்தது தேதி. கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டினால் பிரசவத் தேதி. கேட்டால் சில வீடுகளில் தலைக்குக் குளித்த நாளைச் சொல்வார்கள்; மூன்று நாலு நாள் அங்கேயே தள்ளிப்போகும். படிவத்தில் ‘முதல் நாள்’ என்று தெளிவாகக் கேட்டு, பக்கத்திலேயே ‘உறுதி / உத்தேசம்’ என்று குறிக்க இடம் விட வேண்டும். 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்த ஸ்கேன் சொல்லும் தேதி தனிக் கட்டத்தில் இருக்கட்டும். இரண்டில் எதை இறுதியாக எடுத்தோம், யார், எந்த நாளில் முடிவு செய்தார் என்பது மூன்றாவது கட்டம். முடிவு செய்தபின் அந்தத் தேதி பூட்டப்பட வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தேதியைத் திருத்தும் மென்பொருள் ஆபத்தானது. 32 வாரத்தில் வளர்ச்சி குன்றிய குழந்தை சிறியதாகத்தான் தெரியும். அந்த அளவை வைத்துப் பிரசவத் தேதியைத் தள்ளிப்போட்டால் ‘வாரத்துக்கேற்ற வளர்ச்சி’ என்று வந்துவிடும். எச்சரிக்க வேண்டிய பதிவேடே ஆபத்தை மறைத்துவிடும்.

அலகு இல்லாமல் எந்த எண்ணையும் சேமிக்கக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைக்கு நம் ஊரில் எல்லை 140 மி.கி./டெசிலிட்டர். சிங்கப்பூர், மலேசிய அறிக்கையில் அதே அளவு 7.8 மில்லிமோல்/லிட்டர். எண்ணை மட்டும் தட்டினால் 8.5 என்பது எதற்கும் பொருந்தாத அளவு; 18-ஆல் பெருக்கினால் 153, கர்ப்பகாலச் சர்க்கரை.

என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான கோளாறு வெற்றுக் கட்டம்தான். ‘எடுக்கவில்லை’, ‘எடுத்தாயிற்று, முடிவு வரவில்லை’, ‘நெகட்டிவ்’ மூன்றும் வேறு வேறு. தாயின் ஹெபடைடிஸ் பி கட்டம் காலியாக இருந்தால் படிப்பவர் நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் பாசிட்டிவ் என்றால், பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசியோடு போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத ஊசி) தவறிப்போகும். திரையைத் திறந்ததுமே ‘இயல்பு’ என்று நிரம்பியிருக்கும் கட்டங்களை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும்.

குழந்தைக்குத் தனிப் பதிவு. இரட்டை என்றால் இரண்டு பதிவு, பிறந்த வரிசையோடு. இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதற்காகத் தாயின் பக்கத்திலேயே குழந்தையின் எடையையும் எழுதினால், இரண்டாவது குழந்தையின் எடை முதல் குழந்தையுடையதை அழித்துவிடும். இறந்து பிறந்த குழந்தைக்கும் பதிவு திறக்க வேண்டும். உயிரோடு பிறந்தால்தான் பதிவு என்று அமைத்த மென்பொருளில் அந்த மரணம் கணக்கிலேயே வராது. அடுத்த கர்ப்பத்தைப் பார்ப்பவருக்கும் தெரியாது. பதிவு இரண்டானாலும் இணைப்பு அறக் கூடாது. தாய் ஆர்ஹெச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் தாய்க்கு ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே குழந்தையின் ரத்த வகை தாயின் பக்கத்திலும் தானாகத் தெரிய வேண்டும்.

எடையைக் கிராமில் வாங்குங்கள். 2500, 3000 என்று ஐந்நூறு ஐந்நூறாகவே குவிந்தால் யாரோ கண்ணளவில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். எடை குறைவு என்பதன் எல்லையே 2500 என்பதால் இது சின்னத் தவறில்லை. பிறந்ததும் குழந்தையின் நிலையை மதிப்பிடும் அப்கார் மதிப்பெண்ணை 1, 5 நிமிடங்களுக்கு, கூட்டுத்தொகை மட்டுமில்லாமல் ஐந்து கூறுகளாக வாங்க வேண்டும். குழந்தை பிறந்த நேரமும் தட்டச்சு செய்த நேரமும் தனித்தனியே இருக்கட்டும். கை ஓய்ந்தபின்தான் செவிலியர் கணினிக்கு வருவார்; அதற்குள் நள்ளிரவு தாண்டினால் பிறந்த தேதியே மாறிவிடும்.

குறியீடுகளுக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம்; உலகப் பொதுத் தரநிலைகள் இருக்கின்றன. நோய்க்கும் கண்டறிதலுக்கும் ஸ்னோமெட் சிடி, ஆய்வக முடிவுக்கு லோயின்க், பரிமாற்றத்துக்கு எஃப்.ஹெச்.ஐ.ஆர். போதும். திரையில் தமிழ் தெரியட்டும், உள்ளே குறியீடு இருக்கட்டும்.

இணையம் இல்லாத நேரத்திலும் எழுத முடிய வேண்டும். ஊருக்குக் கிளம்பும் பெண்ணின் கையில் ஒரு பக்க அச்சுத் தாளும் இருக்க வேண்டும்: இறுதிப் பிரசவத் தேதியும் அதன் ஆதாரமும், ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின் தேதியோடு, கடைசி ரத்த அழுத்தம், முந்தைய சிசேரியன், ஒவ்வாமை, இன்னும் வராத முடிவுகள். அதை மடித்துத் தாய் சேய் அட்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடலாம்.