கசிவு தெளிவா, கலங்கலா?

மழை விட்டதும் பெரியப்பா போன். "டேய், மேலே எவ்வளவு பெய்தது?" அவர் இருப்பது தேவதானப்பட்டி, நாங்கள் கொடைக்கானல். எலிவால் அருவியில் கொட்டுவது அவர் ஊர்ப்பக்கத்து மஞ்சளாறு அணைக்குத்தானே போகிறது. 57 அடி அணை. தண்ணீர் 51, 53, 55 அடியைத் தொடும்போது மூன்று கட்டமாக வெள்ள எச்சரிக்கை.

அணை ஆய்வில் முதல் வகைக் குறைபாடு என்றால் நல்லது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட ரேங்க் புத்தி! அதுதான் படுமோசம், அணையே உடையக்கூடிய அளவு. மூன்றாவது வகை சில்லறை வேலை. அப்புறம் 'அபாயம் அதிகம்' என்ற தரம் கரையின் விரிசலைப் பற்றியதே இல்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும் என்ற கணக்கு. புத்தம்புது அணைக்கும் அது வரும்.

பெரியப்பா லஸ்கராக, அதாவது அணையைக் கண்காணிக்கும் ஊழியராக இருந்தவர். மண்கரை அடியில் கசிந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டுவாராம். தெளிவாக இருந்தால் சரி, அளந்து எழுதிவைத்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கு சாப்பாடு கிடையாது, ஓட்டம்தான்.

அந்த பாட்டில் இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. பெரியம்மா அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்.