பேரேட்டில் பாம்புத் தோல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதினேன். கணக்கு என்பது பேருக்குத்தான். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும் இடத்துக்குப் போய் ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, அதையே பேரேட்டில் ஏற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. ‘பர்மாத் தேக்கு நிலை, 1.’ ‘சுவீடன் எனாமல் தூக்கு, 6, ஒன்றுக்கு மூடி இல்லை.’

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது அந்தக் கல் கிடைத்தது. முழ நீளம், கறுஞ்சாம்பல் நிறம். மேலெல்லாம் கோலப்புள்ளிக்கு இழை இழுத்த மாதிரி சாய்சதுரக் கட்டங்கள். இடுக்கில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன.

“நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு தம்பி. நாகர். வெள்ளிக்கிழமை பால் வைப்போம்” என்றார் ஆச்சி. கொடுக்க மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வீடே போகிறது. நான் ‘பாம்புத் தோல் கல், 1’ என்று எழுதினேன்.

கடையில் இரண்டு வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை. மின்விசிறிக் காற்றுக்குப் பேரேட்டின் பக்கம் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைப்பேன்.

ஒருநாள் வெண்கல விளக்கு பார்க்க வந்தவர், ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர், அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்துக் கொடுத்தார். “பாம்புச் செதிலுக்கு நடுவுல மூணு புள்ளி இருக்குமா தம்பி?”

இருந்தன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்னத் தழும்பு, அதில் வரிசையாக மூன்று புள்ளிகள். நடுப்புள்ளி இலைக்குத் தண்ணீர் போன குழாயின் தடம். பக்கத்து இரண்டும் காற்றுப் போன வழிகள். பனையில் மட்டை விழுந்த இடத்தில் தழும்பு நிற்கிறதே, அதுபோல இலை உதிர்ந்த தழும்பு அது. கட்டம், இலை ஒட்டி நின்ற அடிப்பாகம். மரத்தின் பெயர் லெப்பிடோடென்ட்ரான். கிரேக்கத்தில் ‘செதில் மரம்’. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா, அமெரிக்காவில், பின்னால் நிலக்கரியாகிப்போன சதுப்புகளில் 30 மீட்டருக்கு மேல் வளர்ந்தது. நெடுங்காலம் கிளையே இல்லாமல் கம்பம் மாதிரி நின்று, கடைசியில் உச்சியில் மட்டும் கவட்டை கவட்டையாகப் பிரியுமாம்.

எனக்குப் பிடிபடாதது அதன் உள்பக்கம்தான். தேக்கைத் தட்டியே தரம் சொல்லுகிறவன் நான். எங்கள் தொழிலில் மரம் என்றால் உள்ளே இறுகின வைரக்கட்டை. பட்டை செதுக்கி எறிகிற குப்பை. இந்த மரத்திலோ நடுவில் கட்டை கொஞ்சம்தான், தடித்த பட்டைதான் மரத்தைத் தாங்கி நின்றது. விழுந்ததும் உள்ளே இருந்தது அழுகிப்போக, பட்டை குழாய் மாதிரி மிஞ்சும். அதற்குள் மணலும் சேறும் புகுந்து கல்லாகிவிடும்.

“ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியோட வந்திருக்குமா சார்?” என்று கேட்டேன். இல்லை என்றார். நம் நாட்டு கோண்டுவானா நிலக்கரி அதற்குப் பிந்தியது, பெரும்பாலும் குளோசாப்டெரிஸ் என்ற வேறு மரத்தால் ஆனது. அப்படியானால் இந்தக் கல் கடல் தாண்டி வந்ததுதான். பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலி மார்பிளும் வந்த வீட்டில் இதற்கென்ன அதிசயம்? 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுச் சந்தைகளில் இதே பட்டையை ராட்சதப் பாம்பு, பல்லி என்று சொல்லி வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். ஆச்சி பாலாவது வைத்தார்.

அதன் உறவுச் செடிகள் இன்றும் உண்டாம், புல் உயரத்துக்கு. அதில் ஒன்றுக்கு ஐசோயீட்டஸ் கோரமாண்டலினா என்று நம் சோழமண்டலக் கரையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் தேங்கும் குட்டைகளில் முளைக்கும், பார்த்தால் கோரைப்புல் என்றே நினைப்போம் என்றார். அப்புறம் விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பேரேட்டில் ‘பாம்புத் தோல்’ என்பதை அடித்து ‘மரப்பட்டை, கல்லானது’ என்று எழுதினேன். முதலாளி பார்த்துவிட்டு, “பட்டைன்னா எவன் வாங்குவான்? பாம்புன்னே இருக்கட்டும்” என்றார். சீட்டை மட்டும் அப்படியே விட்டேன்.

சாயங்காலம் ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மரந்தானா? நாகரைக் காசுக்குக் குடுத்துட்டோமேன்னு ரெண்டு வருஷமா புத்துக்குப் பால் ஊத்திக்கிட்டு இருக்கேன். இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா தம்பி?”