மொட்டை மாடிக் கேள்விகள்

மே 4

பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. அக்கா மகள் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்து இறங்கிய அன்றே அப்பா சட்டம் போட்டுவிட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்து ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். சினிமாவும் விளையாட்டும் மட்டும். செல்போன் கீழேயே இருக்க வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. தோற்றவர் பாயைச் சுருட்ட வேண்டும். கோவையில் இருக்கும் தம்பி பகலிலேயே தன் கேள்வியை எனக்கு எழுதி அனுப்பிவிடுவான் என்று ஏற்பாடு.

முதல் கேள்வி அப்பாவுடையது. இங்கிலாந்துக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், அதிலேயே கேப்டன், வெற்றியும் பெற்றார், பிறகு ஹாலிவுட் நடிகரானார். யார்?

எங்கள் இருவருக்கும் பிடி கிடைக்கவில்லை. சி. ஆப்ரே ஸ்மித். 1889-ல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் நடந்த ஆட்டம். முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தவருக்கு அடுத்த டெஸ்ட் வாய்க்கவே இல்லை. முதிய வயதில் ஹாலிவுட்டில் மீசையும் மிடுக்குமாக ராணுவ அதிகாரி, பிரபு வேடங்களில் நடித்தார். 1932-ல் அங்கேயே ஒரு கிரிக்கெட் கிளப்பையும் தொடங்கினார். ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதமாக வந்த போரிஸ் கார்லாஃப்கூட அந்தக் கிளப்பில் ஆடியவர்தான்.

“பூதம் பந்து போட்டதா, பேட் பிடித்ததா தாத்தா?” என்று கேட்டாள் அக்கா மகள்.

“அது நாளைய கேள்வி” என்று நழுவிவிட்டார். பாயைச் சுருட்டியது நாங்கள்.

மே 6

எண் கேள்விகளை எனக்குப் பிடிக்காது. யார் எத்தனை சதம், எந்தப் படம் எத்தனை நாள் என்பதெல்லாம் மனப்பாட வேலை. வருடம் முழுக்கப் பள்ளியில் அதைத்தானே செய்கிறோம், விடுமுறையிலுமா என்று இன்று அப்பாவிடம் சண்டை பிடித்தேன். அவர் பதில் சொல்லாமல் கேள்வியே கேட்டார்.

1877 மார்ச்சில் மெல்பர்னில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியா 45 ரன்னில் இங்கிலாந்தை வென்றது. நூறு ஆண்டு கழித்து, 1977 மார்ச்சில், அதே மைதானத்தில் அதே இரு அணிகளும் நூற்றாண்டு விழா டெஸ்ட் ஆடின. அதன் முடிவு என்ன?

“அதே 45 ரன்னாக இருந்தால் நன்றாக இருக்கும்” என்றாள் அக்கா மகள், விளையாட்டாக.

அதேதான். ஆஸ்திரேலியா 45 ரன்னில் வென்றது. இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன்.

மே 9

இன்று சினிமா நாள். ‘அந்த நாள்’ பற்றிக் கேட்டேன். 1954-ல் ஏவி.எம். தயாரித்து, சிவாஜி நடித்து, ஒரு பாட்டுக்கூட இல்லாமல் வந்த படம். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதை இயக்கியவர் வேறு எதற்காகப் புகழ்பெற்றவர் என்பதுதான் கேள்வி. அப்பா உடனே வீணை வாசிப்பதுபோல் விரலை அசைத்தார். எஸ். பாலச்சந்தர். வீணை வித்வானின் படத்தில் பாட்டு இல்லை. எந்தத் திரைக்கதைக்காரருக்கும் தோன்றாத முரண் இது.

தம்பி அனுப்பியது: சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் தன் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்த முதல் இந்தியர் யார்? துப்பு, அவர் பந்துவீச்சாளரே அல்ல. பின்னாளில் ஒரு தமிழ்ப் படத்தில் கதாநாயகனுக்கு அண்ணனாக வந்தார்.

‘சந்தோஷ் சுப்ரமணியம்’ படத்தைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்திருக்கும் அக்கா மகள், “அந்த அண்ணன் கிரிக்கெட் வீரரா!” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சடகோபன் ரமேஷ். இடக்கைத் தொடக்க ஆட்டக்காரர். 1999-ல் சிங்கப்பூரில் வெஸ்ட் இண்டீஸுடன் நடந்த போட்டியில் பந்து அவர் கைக்கு வந்தது. நிக்சன் மெக்லீன் அவுட்.

எனக்கு ஒன்று புலப்படுகிறது. இரண்டு உலகங்களில் கால் வைத்திருக்கும் ஆளைப் பற்றிய கேள்விதான் இந்த மாடியில் எடுபடுகிறது. கிரிக்கெட் தெரியாதவருக்குச் சினிமா வழியாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. தடவித் தடவியாவது உள்ளே போய்விடலாம்.

மே 10

மின்சாரம் இல்லை, காற்றும் இல்லை, கொசு மட்டும் உண்டு. கேள்விகள் ரத்து.

மே 11

பெரிய ரகளை. 1950 உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்றும் இந்தியா ஏன் பிரேசில் போகவில்லை என்று கேட்டாள் அக்கா மகள். விடையையும் அவளே வைத்திருந்தாள்: வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று ஃபிஃபா தடுத்துவிட்டது.

அப்பா பாயிலிருந்து எழுந்தேவிட்டார். “யார் சொன்னது?”

“எல்லா இடத்திலும் அப்படித்தான் தாத்தா போட்டிருக்கிறது.”

“எல்லா இடத்திலும் போட்டிருந்தால் உண்மையாகிவிடுமா?”

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடியது உண்மை. பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றோம்; கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கினோம். அந்தப் படங்கள் மனத்தில் பதிந்துவிட்டதால் 1950-க்கும் அதே காரணத்தை ஒட்டிவிட்டார்கள். உண்மையில் பிற அணிகள் விலகியதால் ஆடாமலே தகுதி பெற்றோம். நெடுந்தூரக் கடல் பயணம், அணித் தேர்வில் இழுபறி, பயிற்சிக்கு நேரமின்மை என்று நம் சம்மேளனம் காரணங்கள் சொல்லி விலகியது. அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பையின் அருமை இங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அணித்தலைவராக இருந்த சைலன் மன்னாவே பின்னாளில் வெறுங்கால் கதையை மறுத்திருக்கிறார்.

அவளுக்கு மதிப்பெண் உண்டா இல்லையா என்பதில் அரை மணி நேரம் போனது. இல்லை என்பது தீர்ப்பு.

பொய் விடை எப்படிப் பரவுகிறது என்பதற்கு நான் ஒரு கதை சொன்னேன். ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கர் துணுக்குச் செய்திகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர். யாராவது திருடினால் கண்டுபிடிப்பதற்காக, தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ‘பிலிப்’ என்று ஒரு பொய்யை வேண்டுமென்றே நுழைத்து வைத்தார். பிறகு ‘டிரிவியல் பர்சூட்’ என்ற கேள்வி-பதில் பலகை விளையாட்டு விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதிலும் கொலம்போ பிலிப்பாகவே இருந்தார்! 30 கோடி டாலர் கேட்டு 1984-ல் வழக்குப் போட்டார் வொர்த். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. உண்மைத் தகவல் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக முடியாதாம்.

“பொய்த் தகவல் சொந்தமாகலாமா?” என்றார் அப்பா. வக்கீலாகியிருக்க வேண்டியவர்.

மே 14

கடைசியாக ஓடி முடித்தவர் பற்றி ஒரு கேள்வி. மாரத்தானை முடிக்க 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி எடுத்துக்கொண்டவர் யார்? எண்ணாக இருந்தாலும் இது சிரிக்க வைக்கும் எண், போகட்டும்.

ஜப்பானின் ஷிஸோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக், கொளுத்தும் வெயில். பாதியில் துவண்டு, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இளைப்பாறியவர், வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்கள் அவரைக் காணாமல் போனவர் கணக்கில் வைத்திருந்தார்கள். 1967-ல் அழைத்து வந்து மிச்ச ஓட்டத்தை முடிக்க வைத்தபோது அவருக்கு வயது 75. இடைவழியில் கல்யாணம் முடித்துப் பிள்ளை, பேரன்களையும் பார்த்துவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொன்னாராம்.

மே 17

இதுவரை வந்ததில் சிறந்த கேள்வி இன்றைக்குத்தான், தம்பியுடையது. வெற்றி பெறுவதற்காக ஒரு கால்பந்து அணி தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தது. ஏன்?

யாருடைய பெயரும் தெரிய வேண்டியதில்லை. யோசித்தால் போதும். அக்கா மகள் தம்ளர்களை வரிசையாக வைத்து ஆடிப் பார்த்தாள். எதிரணியிடம் பணம் வாங்கியிருப்பார்கள் என்றாள், இல்லை என்றேன். அடுத்த சுற்றில் வலுவான அணியைத் தவிர்க்கவா? அதுவும் இல்லை. விதிமுறையைப் பார் என்று ஒரு துப்புக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “கூடுதல் நேரம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்களா?” என்றாள். விடையின் கழுத்தைப் பிடித்துவிட்டாள்.

1994 ஜனவரி, கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்று. பார்படோஸ் அடுத்த சுற்றுக்குப் போக, கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 2-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் கிரெனடா ஒன்று போட்டு 2-1 ஆக்கியது. அந்தப் போட்டியில் ஒரு விசித்திர விதி: கூடுதல் நேரத்தில் முதலில் விழுந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் ‘தங்க கோல்’ இரண்டு கோலாகக் கணக்கிடப்படும். எதிரணியின் கோலைத் துளைக்க முடியாது என்று கண்ட பார்படோஸ், ஆட்டம் சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போகட்டும் என்று தன் கோலில் தானே அடித்து 2-2 ஆக்கியது. கிரெனடாவுக்கு விஷயம் புரிந்ததும் கூத்து ஆரம்பம். அவர்கள் இப்போது எந்தக் கோலில் அடித்தாலும் லாபம், ஏனென்றால் ஒரு கோலில் தோற்றாலும் தகுதி அவர்களுக்கே. ஆகவே பார்படோஸ் வீரர்கள் மைதானத்தின் இரு முனைகளிலும் நின்று தடுத்தார்கள், எதிரணியின் கோலையும் சேர்த்து! கூடுதல் நேரத்தில் தங்க கோல் விழுந்தது; ஆட்டம் 4-2.

விதி எழுதியவரை நினைத்து அப்பா வெகுநேரம் சிரித்தார். தம்பிக்குத் தொலைபேசியில் பாராட்டுச் சொன்னபோது, பாயை அவன் ஒருநாளும் சுருட்டியதில்லை என்பதையும் நினைவூட்டினேன்.

மே 19

இன்று அப்பாவின் ஆட்சி. டெஸ்ட் வரலாற்றில் இரு அணிகளின் ரன்னும் சரிசமமாகி ‘டை’யாக முடிந்தவை இரண்டே ஆட்டம். 1960-ல் பிரிஸ்பேன், 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் நம் சேப்பாக்கம். சேப்பாக்கத்தில் கடைசி விக்கெட் யாருடையது? மணிந்தர் சிங், கிரெக் மேத்யூஸ் பந்தில் எல்.பி.டபிள்யூ., அதாவது பந்து காலில் பட்டு அவுட். எதிர்முனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றார்.

விடை சொன்னதோடு விட்டாரா? பந்து முதலில் பேட்டில் பட்டது என்று மணிந்தர் சொன்னதை இவர் இன்றும் வழிமொழிகிறார். வானொலியில் கேட்டவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, மருத்துவமனையில் போய்ப் படுத்த கதையும் வந்தது. வேறு யாருக்கும் கேள்வி கேட்க முறை வரவில்லை.

மே 22

அக்கா மகள் நாளை மறுநாள் கிளம்புகிறாள். எங்களைத் திணறடிக்க ஒன்று தயாரித்திருக்கிறாள். உண்மையிலேயே நல்ல கேள்வி என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர். ‘விஸ்டன்’ என்ற கிரிக்கெட் ஆண்டுமலரில் பெயர் உள்ளவர். துப்பு: வருவார் வருவார் என்று இரண்டு பேர் காத்துக்கிடக்க, வராமலே போகும் ஒருவரை வைத்து நாடகம் எழுதியவர்.

அப்பா நாளை இரவுவரை அவகாசம் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். செல்போனைத் தொடாமல் யோசியுங்கள்.