படுகளம் வேண்டாம் என்றார் உடுக்கைக்காரர்

காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் சின்னதாக ஒரு நாட்டுப்புறப் பாட்டு மன்றம் நடத்துகிறோம். வெளியூர்க் கலைஞர்களை அழைத்து வரும் பொறுப்பு இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. மாசி, பங்குனியில் தேதி கேட்டு எந்தப் பயனும் இல்லை. மாரியம்மன் கோயில்களில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால் பம்பைக்காரர், உடுக்கைக்காரர் யாரும் கைக்குச் சிக்க மாட்டார்கள். அதனால் ஆவணியில் தொடங்கித் தையோடு முடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

துடும்பு என்ற பெரிய மேளம் அடிக்கும் குழு போனிலேயே ஒத்துக்கொண்டது. ஆனால் எங்கள் தகரக் கூரைக்குள் துடும்பு அடித்தால் காது தாங்காது. கோயில் மைதானத்தில், பகலில் என்று மாற்றினோம்.

உடுக்கைக்காரரிடம்தான் பேச்சு நீண்டது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் கதை பாட வேண்டும் என்றோம். "எத்தனை ராத்திரி?" என்றார்.

"ரெண்டு மணி நேரமுங்க. பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் வைக்க விடமாட்டாங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். முழுக்கதை பதினெட்டு ராத்திரி போகும். "அண்ணன்மாரோட அப்பன் குன்னுடையா கவுண்டர் பட்ட பாட்டைச் சொல்லவே அது பத்தாதே, கண்ணு."

சரி, அண்ணன்மார் உயிர் விடுகிற படுகளம் மட்டும் பாடுங்க என்று கேட்டோம். கூட்டம் அதற்குத்தான் வரும். அவர் முகம் மாறிவிட்டது. பொன்னரும் சங்கரும் விழுவதைப் பாடினால் அவர்கள் தங்கை தங்காள் தண்ணீர் தெளித்து எழுப்புவதையும் பாடியாக வேண்டும். கேட்பவர்களில் யாருக்காவது அருள் வந்தால் பார்க்கப் பூசாரி வேண்டும். "எழுப்பறதுக்குள்ள மணி பத்தாச்சுன்னு மைக்கை நிறுத்துவீங்களா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அவர் சொன்னதுதான் நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசியில் அதே கதையில் வரும் கொம்பன் பன்றி வேட்டை என்று முடிவானது. அதில் உடுக்கைக்கும் நல்ல வேலை இருக்கிறது. பின்பாட்டுக்கு இன்னொருவர் வருவார், அவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேரமே இல்லை. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்த முன்பணத்தை எண்ணிப் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தேதியையும் அவரே சொன்னார். ஐப்பசி ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், புரட்டாசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மைக் செட்டுக்காரரிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: பாடுபவருக்கு இரண்டு கையும் உடுக்கையில் இருக்கும், கையில் மைக்கைத் திணிக்காதீர்கள். வாய்க்கு ஒரு ஸ்டாண்டு, உடுக்கைக்குத் தாழ்வாக ஒன்று.

தையில் வள்ளி கும்மி, வள்ளி முருகன் கதையைப் பாடிக் கும்மியடிக்கும் ஆட்டம். 2024இல் பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இப்போது எந்த ஊர்ப் பக்கம் போனாலும் அரங்கேற்ற பேனர்தான், ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வாத்தியார் கேட்டது ஒன்றே ஒன்று: சிமெண்டுத் தரை கூடாது, வெறுங்காலுக்கு மண் வேண்டும். மழை விட்டு மைதானம் காயட்டும் என்று தேதியை மட்டும் இன்னும் குறிக்கவில்லை.