‘நடப்பாள்’ என்று மட்டும் எழுதியிருந்தேன்

ஊரிலிருந்து யார் பேசினாலும் முதல் கேள்வி, “பிள்ளை நடக்கிறாளா?” செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை) உள்ள என் மகள் முதல் அடி வைக்க நான்கு வயதானது. அதனால் “நடக்கிறாள்” என்று சொல்வதில் எனக்கு அத்தனை பூரிப்பு. டிஎல்ஏ (Disability Living Allowance) படிவத்திலும் அதையே எழுதிவிட்டேன்: “ஸ்ப்ளிண்ட் (காலைத் தாங்கும் பட்டை) போட்டு நடப்பாள், சீக்கிரம் களைத்துவிடுவாள்.”

இங்கிலாந்தில் உடல்நலக் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ள, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை இது. நடமாட்டத்துக்கென்று அதில் தனிப் பங்கு உண்டு. நடக்கவே முடியாத, அல்லது ஏறக்குறைய முடியாத பிள்ளைக்கு 3 வயதிலிருந்து உயர் விகிதம். நடந்தாலும் தெரியாத இடத்தில் துணை தேவைப்படும் பிள்ளைக்கு 5 வயதிலிருந்து கீழ் விகிதம். 2025-26இல் இவை வாரத்துக்கு முறையே 77.05 பவுண்டும் 29.20 பவுண்டுமாக இருந்தன. உயர் விகிதம் இருந்தால் சாலை வரி விலக்கும் புளூ பேட்ஜும் (வண்டி நிறுத்தச் சலுகை அட்டை) கிடைக்கும்.

எங்களுக்குக் கீழ் விகிதம்தான் வந்தது. மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம்தான் அவகாசம்.

பிசியோதெரபிஸ்ட்தான் விளக்கினார். இத்தனை மீட்டர் என்று சட்டத்தில் எல்லை கிடையாது. வீட்டுக்கு வெளியே, கடும் வேதனை இல்லாமல், எவ்வளவு தூரம், என்ன வேகம், எவ்வளவு நேரம், எந்த விதத்தில் நடக்கிறாள் என்று பார்ப்பார்கள். வேதனை தொடங்கிய பிறகு நடக்கும் தூரம் கணக்கில் சேராது.

அப்புறம் பத்து நாள் நோட்டும் கையுமாக அவள் கூடவே நடந்தேன். வாசலிலிருந்து இரண்டாவது விளக்குக் கம்பம் சுமார் 40 மீட்டர். அவளுக்கு மூன்று நிமிடம். இடையில் இருமுறை என் கையைப் பிடித்து நிற்பாள். வலது பாதம் இழுபடும், முழங்கால்கள் உரசும். முதல் கம்பம் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். வலித்தால் அவள் அழுவதில்லை, பேச்சைத்தான் நிறுத்துகிறாள். ஆறு வருடம் வளர்த்தும் இதை நான் கவனிக்கவே இல்லை. இரவில் அதை எழுதும்போது, பிள்ளையை நானே காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அந்தக் குறிப்புகளோடு பிசியோவின் கடிதத்தையும், பள்ளியில் விழுந்த நாட்களின் பதிவையும் சேர்த்து அனுப்பினோம். உயர் விகிதம் கிடைத்தது, விண்ணப்பித்த நாளிலிருந்தே.

ஒன்று சொல்ல மறந்தேன்: படிவத்தைப் போனில் கேட்டு வாங்கி, ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால் போன் செய்த நாளே விண்ணப்ப நாளாகும். எங்களுக்குக் கிடைத்ததை மூன்று வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.